மெய்நிகர் நோயாளியும் ஆரணி நெசவாளியும்: மருத்துவப் பயிற்சியின் ஒரு வரலாறு

மெய்நிகர் நோயாளி என்பது ஒரு நோயாளியின் வரலாற்றையும் அறிகுறிகளையும் சோதனை முடிவுகளையும் கணினித் திரையில் தந்து, மருத்துவ மாணவரை உண்மையான மருத்துவர்போல் முடிவெடுக்கச் செய்யும் பயிற்சி முறையாகும். மாணவர் கேள்வி கேட்கிறார், பரிசோதிக்கிறார், நோயைக் கணிக்கிறார், மருந்து எழுதுகிறார். தவறு செய்தால் திரையில் உள்ள நோயாளியின் நிலை மோசமாகும். ஆனால் எந்த உயிருக்கும் தீங்கு நேராது. இணையம் வழியாக இப்பயிற்சி இன்று உலகெங்கும் நடைபெறுகிறது.

மருத்துவம் கற்பவர் செய்யும் முதல் தவறு யார் உடலில் நிகழ்கிறது என்பது பழைய கேள்வி. இந்த முறையின் வரலாறு அக்கேள்விக்கு மனிதர் தேடிய விடைகளின் வரலாறு எனலாம். கற்பிக்கும் மருத்துவமனைகளுக்குப் பெரும்பாலும் வருவோர் உழவர்கள், கூலித் தொழிலாளர்கள், நெசவாளர்கள் ஆகியோரே. அதனால் பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணி போன்ற ஊர்களுக்கும் இவ்வரலாற்றோடு நேரடித் தொடர்பு உண்டு.

ஆரணியும் அதைச் சுற்றிய மருத்துவக் கல்வியும்

ஆரணி, திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் அமைந்த ஊர். இங்கு நெய்யப்படும் ஆரணிப் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. ஊரில் அரசு மருத்துவமனை உள்ளது. அங்குத் தீராத நோய்க்கு மக்கள் வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ செல்கின்றனர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 2005-இல் தொடங்கிய வேலூர் அரசு மருத்துவக் கல்லூரி, 2012-இல் தொடங்கிய திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி ஆகிய மூன்றும் மாணவர்களுக்குக் கற்பிக்கும் மருத்துவமனைகளைக் கொண்டவை. எனவே ஆரணியிலிருந்து செல்லும் நோயாளி ஒருவர், தம்மை அறியாமலே ஒரு மாணவரின் பாடமாகவும் ஆகிறார்.

அவரைச் சுற்றி ஐந்தாறு மாணவர்கள் நிற்பர். ஒரே கேள்வியைப் பலர் கேட்பர். ஒரே வயிற்றைப் பலர் அழுத்திப் பார்ப்பர். மருத்துவர்கள் உருவாக இது தேவையே. ஆயினும் இதன் சுமை, வேறு மருத்துவமனைக்குச் செல்ல வசதியில்லாதவர்மீதே மிகுதியாக விழுகிறது. இச்சுமையைக் குறைக்கும் முயற்சி மிகத் தொன்மையானது.

சுரைக்காயும் துணியும்

பழைய இந்திய அறுவை மருத்துவ நூலான சுசுருத சம்ஹிதையில் 'யோக்யா' எனப்படும் பயிற்சிக்குத் தனி அதிகாரமே உள்ளது. நூல் முழுதும் கற்றிருந்தாலும் கைப்பயிற்சி இல்லாதவர் சிகிச்சை செய்யத் தகுதியற்றவர் என்பது அதன் கருத்து. வெட்டிப் பழகப் பூசணி, சுரைக்காய், வெள்ளரி ஆகியவற்றையும், கீறிப் பழக நீரோ சேறோ நிரப்பிய தோல்பையையும், இரத்தக்குழாயைத் துளைத்துப் பழக இறந்த விலங்கின் குழாய்களையும் தாமரைத் தண்டையும் அது கூறுகிறது. காயத்தைத் தைத்துப் பழக நெருக்கமாக நெய்த துணியின் ஓரத்தையும் மென்மையான தோலையும் பயன்படுத்தச் சொல்கிறது. கட்டுப்போட்டுப் பழகுவதற்குச் செயற்கையாகச் செய்த முழு மனித உருவம் ஒன்றையும் குறிப்பிடுகிறது.

சீனாவில் சோங் அரசர் காலத்தில், 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், வாங் வெய்யி என்னும் மருத்துவர் அக்குபஞ்சர் கற்பிக்க வெண்கல மனித உருவங்களைச் செய்வித்தார். உருவத்தின்மீது மெழுகு பூசி, உள்ளே நீர்மம் நிரப்பி வைப்பர். மாணவர் சரியான இடத்தில் ஊசி குத்தினால் நீர்மம் கசியும் என்று கூறப்படுகிறது. செய்தது சரியா தவறா என்பதை உடனே தெரிவிப்பது இன்றைய கணினிப் பயிற்சியின் உயிர்நாடி. அதன் பழைய வடிவம் இது.

பிரான்சில் ஆஞ்செலிக் து கூத்ரே என்னும் மருத்துவச்சி, துணி, தோல், பஞ்சு ஆகியவற்றால் கருப்பையும் குழந்தையும் கொண்ட உருவம் ஒன்றைச் செய்தார். 1759-இல் அரசர் பதினைந்தாம் லூயியின் ஆணை பெற்று ஊர் ஊராகச் சென்று, ஆயிரக்கணக்கான நாட்டுப்புறப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள்கூட அந்தத் துணி உருவத்தைத் தொட்டுப் பார்த்துக் கற்றனர். அவர் பயன்படுத்திய உருவம் ஒன்று இன்றும் ரூவான் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

படுக்கையருகே பாடம்

ஐரோப்பிய முறை மருத்துவக் கல்வி தமிழ் நிலத்திற்கு 19-ஆம் நூற்றாண்டில் வந்தது. சென்னையில் 1835-இல் மருத்துவப் பள்ளி தொடங்கப்பட்டது. அது 1850-இல் கல்லூரியாயிற்று. மாணவர் பொது மருத்துவமனையில் நோயாளியின் படுக்கையருகே நின்று கற்பதே அங்கு நடைமுறை.

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மருத்துவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847-இல் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவர்களாகப் பயிற்றினார். 1864 முதல் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். உடற்கூறு, அறுவை மருத்துவம், மகப்பேறு முதலிய துறை நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். நோயாளி பேசும் மொழியிலேயே மருத்துவர் சிந்திக்கவும் வேண்டும் என்னும் எண்ணம் அப்பணியில் வெளிப்படுகிறது.

ஆரணி வட்டாரத்தில் மருத்துவக் கல்வியை வேரூன்றச் செய்தவர் ஐடா ஸ்கடர். இவர் 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர். அமெரிக்காவில் மருத்துவம் கற்று 1900-இல் வேலூரில் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை நிறுவினார். அப்பள்ளியில் 1942-இல் எம்.பி.பி.எஸ். படிப்பு வந்தது. 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர். நோயாளிகள் மருத்துவமனைக்கு வரும்வரை காத்திராமல், குறிப்பிட்ட நாள்களில் சாலையோர மரத்தடிகளுக்குச் சென்று மருத்துவம் பார்க்கும் முறையையும் அவர் நடத்தினார். கிராமத்தில் நோயாளி எப்படி வாழ்கிறார் என்று பார்த்துக் கற்பது வேலூர் மரபின் ஒரு பகுதியாயிற்று. அக்கல்லூரியின் முதலாண்டு மாணவர்கள் கிராமத்தில் தங்கி மக்களின் வாழ்க்கையை அறியும் பயிற்சி அதன் தொடர்ச்சியே.

நடிப்பு நோயாளியும் பொம்மை நோயாளியும்

20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் புதிய வழிகள் பிறந்தன. நார்வேயில் பொம்மைகள் செய்துவந்த ஆஸ்முண்ட் லேர்டால், 1960-இல் 'ரிசசி ஆன்' என்னும் பயிற்சிப் பொம்மையை வெளியிட்டார். மூச்சும் இதயத்துடிப்பும் நின்றவருக்கு உயிர்மீட்பு முதலுதவி செய்வதை மக்கள் அதில் பழகினர்.

1963-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், நல்ல உடல்நலம் கொண்ட ஒருவருக்கு நோயாளியாக நடிக்கப் பயிற்சி அளித்தார். கால் செயலிழந்த பெண்ணாக அவர் நடித்தார். மாணவர்கள் அவரைப் பரிசோதித்த பின், யார் எப்படி நடந்துகொண்டனர் என்று அவரே குறிப்பு எழுதினார். மாணவரை நோயாளியின் பக்கமிருந்து மதிப்பிடும் முறை இவ்வாறு பாடத்திட்டத்துக்குள் வந்தது. தொடக்கத்தில் இதனை நாடகம் என்று பலர் ஏளனம் செய்தனர். பின்னர் 'தரப்படுத்தப்பட்ட நோயாளி' என்ற பெயரில் இம்முறை உலகெங்கும் பரவியது. 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் ரொனால்ட் ஹார்டன் அறிமுகப்படுத்திய, பல நிலையங்களைக் கொண்ட செய்முறைத் தேர்வு அதற்கு நிலையான இடம் தந்தது.

1967-இல் கலிபோர்னியாவில் கணினியால் இயங்கும் 'சிம் ஒன்' என்னும் மனித உருவம் மயக்க மருத்துவப் பயிற்சிக்கு வந்தது. 1968-இல் மயாமி பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கார்டன் 'ஹார்வி' என்னும் உருவத்தை அறிமுகம் செய்தார். பலவகை இதய நோய்களின் ஒலிகளை மாணவர்கள் அதில் கேட்டுப் பழகலாம். இவை விலை மிகுந்தவை. எல்லாக் கல்லூரிகளாலும் வாங்க இயலாதவை.

கணினித் திரைக்கு வந்த நோயாளி

உருவமே இல்லாமல் கணினியில் மட்டும் நோயாளியை அமைக்கும் முயற்சியும் அதே காலத்தில் தொடங்கியது. இல்லினாய் பல்கலைக்கழகத்தின் 'பிளேட்டோ' கணினி அமைப்பில், 1960-களின் தொடக்கத்தில் மேரியன் பிட்சர் செவிலிய மாணவியருக்காக மாரடைப்பு நோயாளி பற்றிய பாடம் ஒன்றை அமைத்தார். மாணவி தமக்குத் தேவையான தகவலைக் கணினியிடம் கேட்டுப் பெற்று முடிவு செய்யவேண்டும். 1971-இல் வில்லியம் ஹார்லெசும் உடன் பணியாற்றியோரும் 'கேஸ்' என்ற திட்டத்தை வெளியிட்டனர். அதில் மாணவர் சாதாரண ஆங்கில வாக்கியத்தில் கேள்வியைத் தட்டச்சு செய்தால், கணினி நோயாளியாக விடை தந்தது.

1999-இல் இருவகையில் திருப்பம் ஏற்பட்டது. அமெரிக்காவின் மருத்துவ நிறுவனம் வெளியிட்ட அறிக்கை, தவிர்க்கக்கூடிய மருத்துவத் தவறுகளால் அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர்வரை இறப்பதாக மதிப்பிட்டது. நோயாளியின் பாதுகாப்பு பொதுப்பேச்சாயிற்று. அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் மூன்றாம் படியில் கணினி நோயாளிகள் இடம்பெற்றனர். விடையைத் தேர்ந்தெடுப்பதோடு நில்லாமல், நேரம் செல்லச்செல்ல மாறும் நோயாளியைக் கவனித்துச் சிகிச்சை அளிக்கவும் வேண்டியிருந்தது.

இணையம் பரவியபின் கருவிச் செலவு குறைந்தது. ஐரோப்பாவில் 2007 முதல் 2010 வரை நடந்த கூட்டுத்திட்டம் ஒன்றில், பல நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து முந்நூறுக்கும் மேற்பட்ட மெய்நிகர் நோயாளிகளைத் திரட்டின. அவற்றில் பல முன்பே ஒரு நாட்டில் எழுதப்பட்டவை. இன்னொரு நாட்டுக்கு ஏற்ப மொழி, மருந்துப் பெயர், மருத்துவமனை நடைமுறை ஆகியவற்றை மாற்றவேண்டியிருந்தது. நோயாளி கணினியில் இருந்தாலும் அவருக்கும் ஊரும் மொழியும் உண்டு என்பதை அத்திட்டம் எடுத்துக்காட்டியது.

இந்தியாவில்

இந்தியாவில் 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் திறன் அடிப்படையில் மாற்றி அமைக்கப்பட்டது. பாடங்களை அறிந்திருப்பதுடன், குறிப்பிட்ட செயல்களைச் செய்துகாட்டவும் மாணவருக்குத் தெரியவேண்டும் என்றாயிற்று. நோயாளியுடன் பேசும் முறை, அறநெறி ஆகியவையும் பாடமாயின. 2020-இல் இந்திய மருத்துவக் கழகத்தின் இடத்தில் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியிலும் திறன் ஆய்வகம் இருக்கவேண்டும் என்றும், 150 இடங்கள்வரை உள்ள கல்லூரியில் அதன் பரப்பு 600 சதுர மீட்டருக்குக் குறையக்கூடாது என்றும் அவ்வாண்டில் விதிக்கப்பட்டது. நடிப்பு நோயாளிகளைப் பரிசோதிப்பதற்கான அறைகளும் அதில் அடங்கும்.

அதே 2020 மார்ச் மாதத்தில் கொரோனா பெருந்தொற்றால் கல்லூரிகள் மூடப்பட்டன. மாணவர்கள் விடுதிகளைக் காலிசெய்து வீடு திரும்பினர். மருத்துவமனைப் பயிற்சி நின்றது. விரிவுரையைக் காணொளியில் நடத்த முடிந்தது. ஆனால் நோயாளியைச் சந்திக்கும் அனுபவத்தைத் தர இயலவில்லை. நோயாளியின் கதையைப் பகுதி பகுதியாகத் திரையில் வெளியிட்டு, மாணவரிடம் அடுத்து என்ன கேட்பீர்கள் என வினவும் எளிய முறைகளுக்கு ஆசிரியர்கள் திரும்பினர்.

தமிழ்நாட்டில் இதன் தேவை கூடியே வருகிறது. 2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. அவற்றால் 1,450 இடங்கள் கூடின. மாணவர் தொகை பெருகும்போது ஒரு நோயாளியைச் சுற்றி நிற்போர் தொகையும் பெருகும். முதற்கட்டப் பயிற்சியைத் திரையில் முடித்துவிட்டு வரும் மாணவர், படுக்கையருகே குறைந்த நேரத்தில் சரியான கேள்வியைக் கேட்க இயலும்.

பயனும் எல்லையும்

இம்முறையால் உண்மையில் பயன் உண்டா என்பதும் ஆராயப்பட்டுள்ளது. 2010-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்று, எந்தப் பயிற்சியும் பெறாதவர்களைவிட மெய்நிகர் நோயாளியிடம் பயின்றவர்கள் வெகுவாக முன்னேறினர் எனக் கண்டது. கணினி சாராத பிற பயிற்சிகளோடு ஒப்பிட்டபோது வேறுபாடு சிறிதாகவே இருந்தது. 2019-இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு 51 ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. பாட அறிவைப் பொறுத்தவரை மெய்நிகர் நோயாளி மரபுவழிக் கற்பித்தலுக்கு ஏறத்தாழ இணையாகவே அமைந்தது. நோயைப் பற்றிச் சிந்தித்து முடிவெடுப்பது போன்ற திறன்களில் மேம்பாடு தெரிந்தது.

எல்லைகளும் தெளிவானவை. நாடித்துடிப்பைத் திரையில் தொட்டுணர முடியாது. வலியில் முகம் சுளிப்பதைக் கண்டு கையைத் தளர்த்தும் பழக்கம் விசைப்பலகையால் வராது. யாவற்றுக்கும் மேலாக, எழுதியவர் எதை எழுதினாரோ அதை மட்டுமே மெய்நிகர் நோயாளி சொல்லுவார். வேறொரு நாட்டில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நோயாளி தறிக்குழியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டார்.

நெசவாளி நோயாளியானால்

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். 48 வயதுப் பட்டு நெசவாளி ஒருவர் மெய்நிகர் நோயாளியாக அமைக்கப்படுகிறார் என்று கொள்வோம். அவர் சொல்லும் முதல் வாக்கியம், "கால் மரத்துப் போகுதுங்க டாக்டர்" என்பது.

இந்த ஒரு சொல்லுக்குள் பல நோய்கள் ஒளிந்திருக்கலாம். நாள்தோறும் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு, மிதிகட்டையை மிதித்தபடி பல மணிநேரம் உட்கார்ந்து நெய்பவருக்கு முதுகெலும்பு வட்டு நரம்பை அழுத்தலாம். நீரிழிவால் பாத நரம்புகள் பழுதாகியிருக்கலாம். சத்துக்குறைவு இருக்கலாம். தொழுநோயின் தொடக்கமாகவும் இருக்கலாம். தொழுநோய் நீண்டகாலம் பரவியிருந்த வட்டாரம் இது. வேலூரில் பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைக்கும் அறுவை மருத்துவத்தை வளர்த்ததும், 1955-இல் காரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி, பயிற்சி மையம் அமைந்ததும் இதனாலேயே.

'மரத்துப் போதல்' என்பதை ஒருவர் உணர்ச்சியே இல்லாமையைக் குறிக்கச் சொல்வார். இன்னொருவர் சுருசுருவென்ற உணர்வைக் குறிக்கச் சொல்வார். மற்றொருவர் மதமதப்பையோ வலுக்குறைவையோ குறிப்பார். எனவே மாணவர் மேலும் கேட்கவேண்டும். தறியிலிருந்து எழுந்து நடந்தால் சரியாகிறதா? ஒரு காலிலா, இரு கால்களிலுமா? செருப்பு கழன்றது தெரியாமல் நடந்தது உண்டா? தோலில் வெளிறிய, உணர்ச்சியற்ற படை இருக்கிறதா? இக்கேள்விகளைக் கேட்காமல் வலி மாத்திரை எழுதி அனுப்பினால், திரையில் சில மாதங்கள் கடந்து, பாதத்தில் ஆறாத புண்ணோடு அதே நெசவாளி திரும்பி வருவார். மாணவர் தம் தவறின் விளைவை அங்கே காண்பார். மெய்யான நெசவாளி ஒருவரின் பாதம் அதற்கு விலையாகாது.

இத்தாலிய மருத்துவர் பெர்னார்தினோ ரமசினி, 1700-இல் தொழில்வழி நோய்கள் பற்றிய நூலை வெளியிட்டார். நோயாளியிடம் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளோடு 'உங்கள் தொழில் என்ன?' என்ற கேள்வியையும் சேர்த்துக்கொள்ள மருத்துவர்களுக்கு அவர் அறிவுரை கூறினார். ஆரணி நெசவாளியின் நோயைக் கணிக்கவும் அக்கேள்வியே வாயில்.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் 15 விழுக்காட்டு எம்.பி.பி.எஸ். இடங்கள் அகில இந்திய ஒதுக்கீட்டில் நிரப்பப்படுகின்றன. அவ்வழியே பிற மாநில மாணவர்களும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கு வருகின்றனர். பாடமும் தேர்வும் ஆங்கிலத்தில் நடைபெறுகின்றன. நோயாளி பேசுவதோ தமிழ், அதிலும் வட்டாரத் தமிழ். தமிழில் பேசும் மெய்நிகர் நோயாளிகள் அவர்களுக்கு நோயோடு மொழியையும் கற்பிக்க இயலும்.

இவற்றை எழுதுவதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கல்லூரி ஆசிரியரும் வட்டார அரசு மருத்துவரும் ஒன்றுசேர்ந்தால் போதும். 2022 முதல் மருத்துவ மாணவர்கள் கிராமக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்கும் திட்டம் நடைமுறையில் உள்ளது. அதில் கிடைக்கும் அனுபவமும் இதற்குக் கைகொடுக்கும். ஒன்றில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். மெய்யான நோயாளியின் கதையை எடுத்தாளும்போது பெயரை நீக்கினால் மட்டும் போதாது. சிறிய நெசவு ஊரில் வயது, தெரு, நெய்யும் சேலை வகை ஆகியவற்றைச் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். ஆகவே பலரின் கதைகளைக் கலந்தே ஒரு மெய்நிகர் நோயாளியை அமைக்கவேண்டும். அவர் தமிழில், தம் தொழிலின் சொற்களோடு பேசவேண்டும். அந்தப் பேச்சைப் புரிந்துகொள்ளத் திரையிலேயே பழகிய மாணவர், மருத்துவமனையில் மெய்யான நெசவாளியைச் சந்திக்கும்போது முதலில் அவர் தொழிலைக் கேட்பார், பிறகு அவர் காலைப் பார்ப்பார்.